குப்புறப் படுத்தவளுக்கு வாசித்த பட்டியல்

எனக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியும் என்று முப்பது வருஷமாக ஊருக்குள் சொல்லிக்கொண்டு இருந்தவள் நான். அது பொய் இல்லை. கல்யாணமான புதிதில் முந்திரிக்கொட்டை ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் கொட்டை உடைக்கிற வேலை. கொஞ்ச நாளில் மூட்டைக்குப் பெயர் அடிக்கிற வேலையும் என்னிடம் வந்தது. தகரத்தில் எழுத்தை வெட்டி வைத்திருப்பார்கள். அதைச் சாக்கின் மேல் பதித்து, மை தோய்த்த துணியால் தட்ட வேண்டும். ஒரு எழுத்து மாறினால் லாரி வேறு ஊருக்குப் போய்விடும் என்று கணக்கப்பிள்ளை பயம் காட்டுவார். நான் அடித்த மூட்டை எதுவும் வேறு ஊருக்குப் போனதில்லை. அந்த ஷெட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட பெண் நான் ஒருத்திதான்.

ஆனால் தகரத்தில் வெட்டியிருந்தது எல்லாம் பெரிய எழுத்து. சின்ன எழுத்து என்று வேறு இருபத்தாறு உண்டு என்பது தெரியும். அவற்றின் முகம் தெரியாது. அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

என் மகளுக்கு ஒரு கண்தான், வலது கண். இடது கண் அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே போய்விட்டது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கொட்டை உடைத்தேன். முந்திரி ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கும். தோலில் பட்டால் தோலை உரித்துவிடும். கட்டையால் தட்டினேன், தெறித்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். அவள் என்னோடு எங்கள் வீட்டில், அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற பாதையில் இருக்கிற ஊரில், வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டருக்குக் கிருமி பிடித்தால் அது என்ன கிருமி, எப்படிப் பரவுகிறது என்று பார்த்து மருந்து எழுதுகிற வேலை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், "ஆத்தா, கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுது" என்றாள். மறுநாள், "ஓரத்துல கறுப்பா ஒரு சேலை தொங்குது" என்றாள். திருச்சிக்குக் கூட்டிப்போனோம். சுவரில் அடித்த சுண்ணாம்பு உரிந்து தொங்குவது போலக் கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒரு சவ்வு உரிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே ஆபரேஷன். சவ்வை ஒட்டவைத்து, அது மறுபடி உரியாமல் இருக்கக் கண்ணுக்குள் காற்றை அடைத்திருந்தார்கள். காற்று மேலே போகிற சாமான். முகம் கீழே பார்த்து இருந்தால்தான் அந்தக் காற்று மேலே எழும்பிச் சவ்வை அழுத்திப் பிடிக்குமாம்.

"பத்து நாள் குப்புறத்தான் இருக்கணும். சாப்பிடும்போதும், நடக்கும்போதும் முகம் தரையப் பாத்தே இருக்கணும். நிமிந்தா ஒட்டினது போயிரும். இவங்களுக்கு இன்னொரு கண்ணும் இல்ல, ஞாபகம் வச்சுக்கங்க."

டாக்டரம்மா இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டில் மகளின் அறையிலேயே இரண்டு பெஞ்சை நீளவாக்கில் போட்டு, நடுவில் முகம் நுழைகிற அளவு இடைவெளி விட்டு, மேலே மெத்தை விரித்தேன். நெற்றிக்கு ஒரு துணிச்சுருள், தாடைக்கு ஒரு துணிச்சுருள். தரையில் உட்கார்ந்து கீழிருந்து கையை நீட்டிச் சோறு ஊட்டுவேன். தண்ணீருக்கு உறிஞ்சு குழல். அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும் என்றால் பெஞ்சுக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வேண்டும். அப்படிப் படுத்து அந்தக் கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இரவில் தூக்கத்தில் புரண்டுவிடுவாளோ என்று இடுப்பில் ஒரு சேலையைக் கட்டி அதன் நுனியை என் கையில் சுற்றிக்கொண்டேன்.

எதிர்த்த வீட்டு டீச்சர் பார்க்க வந்தாள். என் மகள் வயதுதான் அவளுக்கு. வாய் மட்டும் என் வயது.

"என்னத்தே, ஒங்க மக குப்புற விழுந்துட்டாளாமே! கொழுக்கட்டை எங்க?" என்றாள். கைப்பிள்ளை முதல்முதலில் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகள் பெஞ்சுக்குள்ளிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பினேன். அவளை இனிமேல் உள்ளே விடக்கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

நாலாம் நாள் காலை. ஞாயிற்றுக்கிழமை. கரண்டு போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தது. வந்த கொஞ்ச நேரத்தில் மகளின் போன் அடித்தது. கம்பெனியின் மேனேஜர் அம்மாள். ஸ்பீக்கரில் போட்டு மகளின் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஸாரிமா, நீ லீவுன்னு தெரியும். ஆனா உன் பெட்டிக்குள்ள நுழையவே முடியல. போன வாரம் நீ எழுதி வெச்ச மருந்து அதுலதான் இருக்கு. இங்க அந்தக் கிருமி பிடிச்சு ஒரு மில்லு மொத்தமா நின்னுபோய்க் கெடக்குது. எதுனா பண்ணுமா."

பெட்டி என்று அவள் சொன்னது மகளின் அறையில் தரையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி. அதைப் பற்றி மகள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் அஞ்சு கம்ப்யூட்டர் இருக்கின்றன. அஞ்சும் இல்லாத கம்ப்யூட்டர்கள். கையால் தொட முடியாது, ஆனால் வேலை செய்யும். ஒவ்வொன்றும் வெளியே போய்வர ஒரு அடாப்டர் உண்டு. அந்த அடாப்டரைச் சொருக ஒரு ஸ்விட்ச் உண்டு. அடாப்டரும் கண்ணுக்குத் தெரியாது, ஸ்விட்சும் தெரியாது. பேய்க்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி என்று போய்க்கொண்டே இருக்கும் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். அஞ்சுக்கும் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்திருந்தாள். ஆவுடையார்கோவில் என்பது வாசல். சென்னையிலிருந்து யார் வந்தாலும் அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். குன்றாண்டார்கோவில் என்பது கிருமி பிடித்தது. அதற்குள் கிருமியை உயிரோடு விட்டு, வெளியே போகாமல் தனியாக அடைத்து வைத்திருந்தாள்.

"கரண்டு போயி வந்ததுல வாசலோட அடாப்டரு ஸ்விட்சுலேருந்து கழண்டிருக்கும்" என்றாள் மகள்.

நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்ச் பலகையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அது இல்ல ஆத்தா. நான் எந்திரிச்சு, கண்ணுக்கட்ட வெலக்கிட்டு ரெண்டே நிமிசம் பாத்துட்டுப் படுத்துக்கிறேன்."

பெஞ்சின் இரண்டு பக்கமும் கையை ஊன்றினாள். "படு!" என்று நான் போட்ட சத்தத்தில் போனில் மேனேஜர் அம்மாளே பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அப்ப எதுத்த வீட்டு டீச்சரக் கூப்பிடு. லீவுதான இன்னிக்கி. நான் சொல்லச் சொல்ல அவ தட்டட்டும்."

"அவ எதுக்கு? எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாதா? எத்தனை லாரிக்கு எழுத்தடிச்சவ நானு!"

"இது சாக்கு இல்ல ஆத்தா."

"எழுத்து எங்க இருந்தாலும் எழுத்துதான். நீ சொல்லு, நான் தட்டுறேன்."

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன்.

முக்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் எழுத்துப் பலகையை வைத்தேன். பெட்டி என் காலடியில், மகளின் தலை என் இடது கைப் பக்கத்தில். எழுத்துப் பலகையில் எல்லாம் பெரிய எழுத்து. எனக்குத் தைரியம் வந்தது. கடவுச்சொல்லைச் சொன்னாள், தட்டினேன். அதை இங்கே எழுதமாட்டேன். கறுப்பாக ஒரு திரை வந்தது. அதில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

"இப்ப நான் சொல்றத அப்படியே தட்டு. யாரு யாருக்கு அடாப்டர் இருக்கு, எதுல சொருகியிருக்குன்னு அது பட்டியல் போட்டுக் காட்டும். ஜி, ஈ, டி."

"எந்த டி? குடைக்கம்பி டியா, வயிறு தள்ளுன டியா?"

"குடைக்கம்பி. அப்புறம் கோடு."

"மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, ரெண்டும் ஒரே கட்டையில கெடக்கு."

"சும்மா தட்டு, கீழ இருக்கிறது வரும். அப்புறம் வி, எம். இடம் விடாத. என், ஈ, குடைக்கம்பி டி, டபிள்யூ, ஓ, ஆர், கே."

எழுத்துகள் ஏ, பி, சி என்று வரிசையாக இல்லை. கொட்டிவிட்ட கொட்டை மாதிரி கலந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் தேடித் தேடித் தட்டினேன். பிறகு திரையைப் பார்த்தேன். நான் தட்டிய ஜி அங்கே இல்லை. கீழே வால் தொங்குகிற ஏதோ ஒரு சுழி இருந்தது. ஈ இல்லை. ஆர் இருக்க வேண்டிய இடத்தில் ஒடிந்த முளைக்குச்சி போல ஒன்று. தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்தேன். திரும்பத் தட்டினேன். திரும்ப அதே சுழி, அதே குச்சி.

"என்னத்தா, போட்டுட்டியா?"

"போட்டுட்டேன், போட்டுட்டேன்."

மூன்றாம் தடவையும் அப்படியே வந்தபோதுதான் இவைதான் அந்தச் சின்ன எழுத்துகள் என்று புரிந்தது. பலகையில் பெரிய எழுத்தைக் காட்டிவிட்டுத் திரையில் சின்ன எழுத்தைப் போடுகிறது. அப்போதாவது வாயைத் திறந்து, எனக்கு இது படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்காமல் தட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

"ஏ, டி, ஏ, பி."

"டி?"

"வயிறு தள்ளுனது."

"பி ஒத்த வயிறா, ரெட்டை வயிறா?"

"ஒத்த வயிறு. அப்புறம் குடைக்கம்பி, ஈ, ஆர். இடம் விடு. எட்டு மேல ஒரு நட்சத்திரம் இருக்கும், ஷிப்டை அமுக்கிக்கிட்டு அதப் போடு. அஞ்சு பேரையும் காட்டுன்னு அர்த்தம். என்டர்."

போனில் மேனேஜர் அம்மாள் மெல்லச் சிரிப்பது கேட்டது. "உங்கம்மாவ நான் வேலைக்கு எடுத்துக்கிறேன்மா" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பட்டியல் வந்தது. மேலே தலைப்பு, அதற்குக் கீழே கோடு, அதற்குக் கீழே அஞ்சு வரி. எல்லாம் சின்ன எழுத்து. எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"நடுவுல ஒரு பத்தியில எல்லா வரியிலயும் ஏதாச்சும் எழுதியிருக்கும். ஒரு வரியில மட்டும் அந்த இடம் காலியா கெடக்கும். அதான் கழண்டது. தெரியுதா?"

படிக்கத் தெரியாவிட்டாலும் காலி இடம் தெரியாதா? பல் விழுந்த வாய் மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"தெரியுது."

"எத்தனாவது வரி?"

எண்ணினேன். "ரெண்டாவது."

"ரெண்டாவதா? நல்லாப் பாத்தியா? அங்க என்ன பேரு போட்டிருக்கு, முத எழுத்து என்ன?"

"ஒன்னோட பேருதான். நீ வச்ச பேரு. அதான் ரெண்டாவதுங்கிறேன்ல?"

இப்படிப் பேசினேன். எழுத்துத் தெரியாததை மறைக்க அவள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"வரிசை மாறியிருக்கும்போல" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வலியில் இருந்தாள், கழுத்து விறைத்துப்போயிருந்தது, அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டாவது வரியில் இருக்கிறவனை வெளி உலகத்துக்குப் போகிற ஸ்விட்சில் சொருகு என்று அர்த்தம் வருகிற ஒன்றை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பெயரைச் சொல்லாமல், வரியின் எண்ணை வைத்தே சொருகுகிற மாதிரி ஏதோ ஒரு வழி. நான் தட்டினேன். என்டர்.

"வந்துச்சா மேடம்?"

"இல்லமா. இன்னும் நுழைய முடியல."

"ஆத்தா, அந்தப் பட்டியலத் திரும்பப் போடு. மேல் அம்பை ரெண்டு தடவை தட்டினா பழசு வரும்."

போட்டேன்.

"ரெண்டாவது வரி இப்ப நெறைஞ்சிருச்சா?"

"இல்லியே. அப்படியேதான் காலியா இருக்கு."

"அப்ப நான் எதைச் சொருகினேன்?" என்றாள். குரல் மாறிவிட்டது. "ஆத்தா, மேலேருந்து எண்ணு."

"மேலேருந்தா?"

எங்கள் ஷெட்டில் மூட்டையை அடுக்கினால் அதற்கு அட்டி என்று பெயர். அட்டியில் முதல் வரிசை தரையில் கிடப்பது. இரண்டாவது அதன் மேல் இருப்பது. எவ்வளவு உயரம் போனாலும் கீழேயிருந்துதான் எண்ணுவோம். வேறு விதமாக எண்ணலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. கீழேயிருந்து இரண்டாவது, மேலேயிருந்து நாலாவது. மேலேயிருந்து இரண்டாவதில் இருந்தது குன்றாண்டார்கோவில்.

"கீழேருந்தா எண்ணுன?" என்று கத்தினாள் மகள். "அய்யோ, கிருமிய வெளில விட்டுட்டேனே!"

கத்திக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

நெற்றித் துணிச்சுருளை விட்டு அவள் முகம் மேலே வந்ததைப் பார்த்தேன். ஒரு சாண் இருக்கும். முகம் தரையை விட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. என் கை தானாகப் போய் அவள் பிடரியில் விழுந்தது. அமுக்கினேன். ஆட்டுக்குட்டியை அமுக்குகிற மாதிரி அமுக்கினேன். மூக்கு துணியில் இடித்து அவள் முனகினாள். நான் விடவில்லை.

"விடு ஆத்தா! நீல ஒயர் ஒண்ணு பெட்டிலேருந்து சுவருக்குப் போகும், அதைப் புடுங்கு! சீக்கிரம்!"

ஒயரைப் பிடுங்க வேண்டும் என்றால் குனிய வேண்டும். குனிந்தால் பிடரியில் இருக்கிற கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் எழுந்துவிடுவாள், அவளே பாய்ந்து பிடுங்குவாள், எனக்குத் தெரியும். அவளைப் பெற்றவள் நான். நாலு வயதில் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறியது என் காதில் கேட்டது. கிருமி உலகம் பூராவும் போகட்டும், மில்லு நிற்கட்டும், இந்தக் கையை எடுக்கமாட்டேன் என்று இருந்தேன்.

வலது காலை நீட்டினேன். கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் அந்த ஒயரைப் பிடித்தேன். இழுத்தேன், வரவில்லை. அதன் தலையில் ஒரு சின்ன நாக்கு மாட்டியிருந்ததாம், பிறகுதான் சொன்னாள். காலை உதறி வெட்டி இழுத்தேன். நாக்கு ஒடிந்து ஒயர் கையோடு, இல்லை, காலோடு வந்தது.

"புடுங்கிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் உடம்பு தளர்ந்தது. பெஞ்சுக்குக் கீழே தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கண்ணீரா, கண்ணுக்குள் வைத்த மருந்தா என்று தெரியாமல் பதறிப்போய்க் குனிந்து பார்த்தேன்.

"அழாதடி. அழுதா கண்ணு அழுந்தும்."

"அழலை. மூக்கு ஒழுகுது. நீ அமுக்குன அமுக்குல."

போன் இன்னும் திறந்துதான் இருந்தது. "என்னமா ஆச்சு? லைன்ல இருக்கியா? குன்னாண்டார்கோவில் வெளில வந்துச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு மூணு நிமிசம் இருந்திருக்கும் மேடம். ஒயரப் புடுங்கியாச்சு. வீட்டு நெட்டுல வேற எதுவும் இல்ல, ஆத்தா போன் மட்டுந்தான். அத அணைச்சு வைக்கச் சொல்றேன்."

என் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன். எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தோன்றியது.

பிறகு தரையில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். "எனக்குச் சின்ன எழுத்துத் தெரியாது தாயி. மூட்டையில பெரிய எழுத்து மட்டுந்தான் அடிச்சேன். அந்தப் பேரை நான் படிக்கவே இல்ல."

அவள் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்குத் தெரியும் ஆத்தா" என்றாள். "சின்னப் பிள்ளையில நோட்டைத் தலைகீழாக் குடுத்தேன். நீயும் பாத்துட்டு, நல்லா எழுதியிருக்கன்னு சொன்ன. அதனாலதான் டீச்சரக் கூப்பிடச் சொன்னேன்."

மில்லுக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். குன்றாண்டார்கோவிலை முதலில் கழற்ற வேண்டும். மேலேயிருந்து இரண்டு என்று மூன்று தடவை விரலால் எண்ணினேன். கழற்றும் எழுத்துகளைச் சொன்னாள், தட்டினேன். பட்டியலைத் திரும்பப் போட்டதில் இப்போது இரண்டு வரி காலியாக இருந்தது. மேலேயிருந்து நாலாவதுதான் வாசலா என்று உறுதியாகத் தெரியாமல் இனி எதையும் சொருகக்கூடாது என்று இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தோம். அவளோ பார்க்க முடியாது. எனக்கோ படிக்க முடியாது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆவுடையார்கோவிலுக்கு முதல் எழுத்து ஏ. நான் பெரிய ஏ-யைத் தட்டினால் அது சின்ன ஏ-யைத்தானே காட்டும்? அதை நாலாவது வரியின் முதல் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்? மூட்டையில் அடித்த எழுத்தைத் தகரத்தை வைத்துச் சரிபார்க்கிற மாதிரி.

"அட" என்றாள் மகள்.

ஏ தட்டினேன். வந்த உருவம் நாலாவது வரியின் முதல் உருவத்தோடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அந்த அஞ்சில் இன்னொன்றான அறந்தாங்கிக்கும் ஏ-தான். அடுத்து ஆர் தட்டினேன், பொருந்தவில்லை. அழித்துவிட்டு வி தட்டினேன். பொருந்தியது. யூ, பொருந்தியது. வயிறு தள்ளின டி, பொருந்தியது. மகள் சொல்லச் சொல்லப் பெயர் முழுக்க அப்படியே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மில்லுக்காரர்களுக்கு அவசரமாக இருக்கட்டும், எனக்கு அவசரமில்லை. ஆவுடையார்கோவில்தான்.

சொருகினோம். நாக்கு ஒடிந்த நீல ஒயரை ஓட்டைக்குள் வைத்து என் பெருவிரலால் பிடித்துக்கொண்டேன். "வந்துட்டேன்மா! உள்ள வந்துட்டேன்!" என்றாள் மேனேஜர் அம்மாள். அவள் வேலை முடிகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் அந்த ஒயரை விரலால் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு கை மகளின் பிடரியில். கிருமி எங்கேயும் போகவில்லை என்று சாயங்காலம் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்டு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு இருந்த பயம் வேறு.

"தலையத் தூக்கினியே."

"தூக்கல ஆத்தா. சும்மா கழுத்தத் திருப்பினேன்."

"ஒரு சாண்."

"ரெண்டு வெரக்கடை."

"இப்ப என்ன தெரியுது கண்ணுக்குள்ள?"

"காத்துக்குமிழி. தண்ணிக்குள்ள பாக்கிற மாதிரி ஆடுது."

"முன்னயும் ஆடுச்சா?"

"ஆடுச்சு. டாக்டர்ட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத, என்ன? சும்மா பயமுறுத்துவாங்க."

ஆறு நாள் இப்படிப் போனது. ஒரு மணிக்கு ஒரு தடவை கேட்பேன். அவள் பதில் சொல்ல ஒரு மூச்சு தாமதித்தாலும் மறுபடி கேட்பேன். அடிக்கடி பெஞ்சுக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்து அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கண்ணில் என்ன தெரியும்? ஆனாலும் பார்த்தேன். ஒரு கண்ணை என் கையால் எடுத்தேன், இன்னொன்றை என் வாயால் எடுத்துவிட்டேனோ என்று அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் திருச்சிக்குக் கார் பிடித்தோம். பின் சீட்டில் மகளின் முகத்தை என் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். கால் பக்கத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் டீச்சரைக் கூப்பிட்டேன். அவள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். "தலையை எறக்கியே வச்சிருந்தீங்களா?"

"ஆமா டாக்டர்" என்றாள் மகள்.

டீச்சர் என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு நர்ஸ் நின்றாள். கதவோரம் வேறு யாரோ நோயாளியின் ஆட்கள் இருந்தார்கள்.

"இல்லீங்க" என்றேன். "நாலாம் நாளு தூக்கினா. ஒரு சாண். மூணு எண்ணுற நேரம். நாந்தான் அமுக்கினேன்."

"ஆத்தா!"

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாத எழுத்தத் தெரியும்னு சொன்னேங்க. மேலேருந்து எண்ண வேண்டிய பட்டியலக் கீழேருந்து எண்ணிட்டேன். தெரிஞ்சவளக் கூப்பிடச் சொன்னா, நான் வேணாம்னுட்டேன். அந்தப் பதட்டத்துல தூக்கிட்டா. தலையத் தூக்கினது அவ தப்பு இல்ல."

டாக்டரம்மா விளக்கை வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நடுவுல நல்லா ஒட்டியிருக்கு" என்றார். "கீழ் ஓரத்துல கொஞ்சம் நீர் நிக்குது."

"தூக்குனதாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தூக்காதவங்களுக்கும் நிக்கும். வத்தலாம், வத்தாமலும் போகலாம். இன்னும் ஏழு நாள் குப்புற இருக்கட்டும், பாப்போம்."

மகளின் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார். "இது என்ன?"

"கை" என்றாள் மகள். "ஆடுது."

"எத்தனை விரல்?"

"தெரியல டாக்டர்."

"காத்து இருக்கிற வரைக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்று கட்டைத் திரும்பப் போட்டுவிட்டார்.

கார் புதுக்கோட்டையைத் தாண்டியது. பிறகு நான்தான் பேசினேன். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, "டீச்சரு, இந்த ஏழு நாள்ல அந்தப் பொட்டி மறுபடி மக்கர் பண்ணுனா கூப்பிடுவேன். வாரீங்களா?" என்றேன். அவளை முதல்முறையாக வாங்க போங்க என்று பேசினேன்.

"வாரேன் அத்தே. ஆனா நான் மேலேருந்துதான் எண்ணுவேன், பரவாயில்லையா?"

மகள் மடியில் கிடந்தபடியே குலுங்கிச் சிரித்தாள்.

"சிரிக்காதடி, தலை ஆடுது" என்று நான் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.